உழக்கு நெய்யும் உறைகிணறும்: கீழடி முதல் திருமுக்கூடல் வரை

சனிக்கிழமை, கீழடி

அரசர்கள் எங்கெங்கே போரிட்டார்கள் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அதே காலத்தில் வாழ்ந்த மற்றவர்கள் எங்கே தண்ணீர் இறைத்தார்கள், எதைச் சமைத்தார்கள், என்ன கூலி வாங்கினார்கள் என்பதைத் தேடித்தான் இந்த முறை அம்மாவுடன் புறப்பட்டேன். எனவே கோபுரங்களையும் சிற்பங்களையும் பற்றி இந்தக் குறிப்புகளில் அதிகம் இருக்காது.

மதுரையிலிருந்து இராமேசுவரம் செல்லும் சாலையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், வைகையின் தென்கரைப் பக்கமாகச் சிவகங்கை மாவட்டத்தில் கீழடி இருக்கிறது. 2014இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே ஒரு தென்னந்தோப்பில் அகழாய்வைத் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அப்பணியைத் தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டு ஒன்றைக் காலக்கணிப்புக்கு அனுப்பியதில் அது கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தெரியவந்ததாகத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அதற்குப் பிறகே ஊர் ஊராகக் கீழடியைப் பற்றிய பேச்சு எழுந்தது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றங்களும் தாழ்வாரங்களுமாகக் கட்டப்பட்டுள்ளது.

உள்ளே நுழைந்தவர்களில் பெரும்பாலோர் தங்க அணிகலன்கள் இருந்த கண்ணாடிப் பேழையை நோக்கியே சென்றார்கள். அம்மா நேராகச் சென்று நின்றது தக்களிகளின் முன்னால். அவர் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் தக்களி நூற்றவர். சுடுமண்ணால் செய்த, நடுவில் துளையுள்ள அந்தச் சிறிய உருண்டைகளைப் பார்த்தவுடனே, "இதோட கனம் கூடுனா நூல் தடிக்கும், கனம் குறைஞ்சா மெலிசா வரும், அதனாலதான் பல அளவுல செஞ்சு வச்சிருக்காங்க," என்றார். அவர் சொன்ன பிறகுதான் பேழையில் இருந்தவை ஒரே அளவில் இல்லை என்பதைக் கவனித்தேன். அருகில் எலும்பால் செய்த கூர்முனைக் கருவிகளும் இருக்கின்றன. நெசவின்போது இழைகளை ஒழுங்குபடுத்த அவை பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நூற்பும் நெசவும் இந்த ஊரின் அன்றாட வேலைகளாக இருந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான் நெடுநேரம் நின்றது உறைகிணறுகளைப் பற்றிய பகுதியில். சுட்ட மண்ணால் செய்த வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, மணல் சரிந்து விழாதபடி அமைத்த கிணறுகள் அவை. ஆறு இவ்வளவு அருகில் இருந்தும் வீடுகளுக்குப் பக்கத்திலேயே கிணறு தோண்டியிருக்கிறார்கள். கோடையில் வைகை எப்படி இருக்கும் என்று அறிந்தவர்களுக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. உறைகளைக் குயவர் தனியே வனைந்து, சூளையில் சுட்டு, உடையாமல் கொண்டுவந்து, அளவு பொருந்தும்படி இறக்க வேண்டும். கிணறு வெட்டுபவரும் குயவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளாமல் இது நடந்திராது. கூரை ஓடுகளிலும் இதே கவனத்தைக் காண்கிறோம்: மழைநீர் வழிந்தோடுவதற்காக ஈரக் களிமண்ணில் விரலாலேயே இழுத்த பள்ளங்கள், மரச்சட்டத்தில் கட்டுவதற்கான துளைகள். பள்ளங்களில் விரல் சென்ற தடம் அப்படியே தெரிகிறது.

பானை ஓடுகளில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் வாசிக்கப்பட்டவை பலருக்கும் தெரிந்தவை. இவை பானையைச் சுட்ட பிறகு கீறப்பட்டவை. கையெழுத்தும் ஓட்டுக்கு ஓடு மாறுகிறது. பானை செய்தவர் மட்டுமல்லாமல், வாங்கிப் பயன்படுத்தியவர்களும் தங்கள் பெயரை எழுதத் தெரிந்திருந்தார்கள் என்று இதிலிருந்து கொள்ள இடமிருக்கிறது. எழுத்தின் பழமையைப் பற்றிய விவாதத்தைவிட இந்தச் செய்தியே எனக்குப் பெரிதாகப் பட்டது. தன் பானை பிறருடையதோடு கலந்துவிடக் கூடாது என்று நினைத்த ஒருவர், கூர்மையான ஏதோ ஒன்றை எடுத்துத் தன் பெயரைக் கீறிவைத்திருக்கிறார்.

பகடைக்காயும் நூற்றுக்கணக்கான வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. உடைந்த பானையின் ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் சில்லு ஆக்கியிருக்கிறார்கள். பாண்டி ஆடிய பெண்பிள்ளைகள் யாருக்கும் இதைப் பற்றி விளக்கம் தேவைப்படாது. விலங்கு எலும்புகளில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு காட்டுப்பன்றி, மயில் முதலியவையும் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. ஊருக்கு வெளியே, கொந்தகையில், முதுமக்கள் தாழிகள் கிடைத்த ஈமக்காடு இருக்கிறது. வாழ்ந்த இடமும் புதைத்த இடமும் இவ்வளவு அருகருகே ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. கீழடிக்குப் போகிறவர்கள் கொந்தகையையும் சேர்த்தே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, கானாடுகாத்தான்

தஞ்சைக்குப் போகும் வழியில் செட்டிநாட்டில் ஒருநாள் தங்கினோம். இங்குள்ள பெரிய வீடுகளைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால் பர்மாத் தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் நான் மீண்டும் வர்ணிக்கப் போவதில்லை. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் இந்த வீடுகளில், பார்வையாளர்கள் முகப்பையும் நடு முற்றமாகிய வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வேலை நடந்த இடம் அதற்கும் பின்னால் இருக்கிறது.

வளவைச் சுற்றியுள்ள அறைகள் சிறியவை, வெளிச்சம் குறைந்தவை. அவை பெரும்பாலும் பொருள்களை வைத்துப் பூட்டுவதற்கானவை. திருமணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை உண்டு. இந்த வீடுகளைக் கட்டிய வணிகர்களான நகரத்தார் குடும்பங்களில் மணமான மகனுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று பொருள் ஒதுக்கித் தனியாகச் சமைக்கச் சொல்லும் 'வேறு வைத்தல்' என்னும் வழக்கம் இருந்தது. கூரை ஒன்று, அடுப்புகள் பல. இந்த ஏற்பாட்டை அறிந்த பிறகு, பின்கட்டில் வரிசையாகக் கிடக்கும் அம்மிகளும் ஆட்டுக்கற்களும் வேறு விதமாகத் தெரிகின்றன. "ஒரு வீட்டுக்கு இத்தனை எதுக்குன்னு நெனச்சேன், ஒவ்வொரு மருமகளுக்கும் ஒண்ணு போல," என்று அம்மா சொன்னபோது, எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிய பெரியவர் தலையசைத்தார்.

பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடைகளில் மூன்றாண்டுக் கணக்கில் வேலை பார்க்கச் சென்ற ஆண்களின் ஊர் இது. அந்த ஆண்டுகளில் நெல் வாங்குவது, வேலையாட்களுக்கு அளப்பது, பாத்திரங்களை எண்ணிப் பூட்டுவது ஆகிய அனைத்தையும் வீட்டிலிருந்த பெண்களே நடத்தினார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த முதலீட்டின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. இன்று பூட்டிக் கிடக்கும் பல வீடுகளின் கதை அங்கேதான் தொடங்குகிறது. மாலையில் ஊருணிக்கரையில் சிறிது நேரம் இருந்துவிட்டுப் பேருந்து ஏறினோம்.

திங்கட்கிழமை, தஞ்சாவூர்

பெரிய கோயிலுக்கு வருகிறவர்கள் அண்ணாந்து விமானத்தைப் பார்க்கிறார்கள். அன்றாட வாழ்வைத் தேடுகிறவர் குனிந்து அதிட்டானத்தைப் பார்க்க வேண்டும். 1010இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கோயிலின் அடிப்பகுதி முழுவதும் எழுத்து. தாம் கொடுத்தவையும், தம் அக்கன் கொடுத்தவையும், தம் பெண்டுகள் கொடுத்தவையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவையும் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் ஆணையிட்டதாக அக்கல்வெட்டே கூறுகிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சான பாடத்தின் சில பக்கங்களைப் படியெடுத்து வைத்திருந்தேன். கையில் தாளை வைத்துக்கொண்டு சுவரில் வரியைத் தேடிப் பிடித்தபோது, கண் பழகியவுடனே சொற்கள் ஒவ்வொன்றாக விளங்கத் தொடங்கின.

முதலில் விளக்குகளின் கணக்கு. ஒரு விளக்கு நாள்தோறும் எரிய ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்காக 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஓர் இடையர் பொறுப்பில் விடப்பட்டன. உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. ஆண்டு முழுவதற்கும் 90 நாழிக்குச் சற்று மேல் நெய் ஆகிறது. மந்தை பெருகினாலும் குறைந்தாலும் அளக்க வேண்டிய நெய் மாறாது. சோழர் கல்வெட்டுகளில் வரும் 'சாவா மூவாப் பேராடு' என்ற தொடர் இந்த ஏற்பாட்டையே குறிக்கிறது: ஆடு சாகலாம், கிழடாகலாம், ஆனால் கணக்கில் அது என்றும் சாகாது, மூப்படையாது. நோய் வந்து பாதி மந்தை மடிந்த ஆண்டில் அந்த இடையர் என்ன செய்திருப்பார் என்ற கேள்வி என்னை விடவில்லை. கருவறையின் வெளிச்சத்தைப் பாடியவர்கள் பலர். அந்த வெளிச்சத்துக்காக விடியும் முன் பால் கறந்து, தயிராக்கி, கடைந்து, உருக்கிய வீடுகளைப் பற்றி அறிய இந்தக் கல்வெட்டு ஒன்றே நமக்கு மிஞ்சியிருக்கிறது.

அடுத்தது மடைப்பள்ளி. பழவரிசி, பருப்பு, நெய், தயிர், வாழைப்பழம், சர்க்கரை, புளி, உப்பு, மிளகு, சீரகம், கடுகு, வெற்றிலை, பாக்கு, விறகு என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். மிளகாய் இல்லை, அது போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகே நம் நாட்டுக்கு வந்தது. இன்று தமிழ்ச் சமையலின் அடிப்படை என்று நாம் கருதுவனவற்றில் மிளகாயையும் தக்காளியையும் உருளைக்கிழங்கையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது ஏறத்தாழ இந்தப் பட்டியல்தான். அம்மா தாளை வாங்கிப் படித்து, "மிளகுக் கறியும் புளியிட்ட கறியும் வச்சிருப்பாங்க, தயிர்ச் சோத்தோட முடிச்சிருப்பாங்க," என்று ஒரு வேளைச் சாப்பாட்டையே அங்கு நின்று சொல்லி முடித்தார்.

இறைவனின் நீராட்டு நீரில் ஏலமும் செண்பக மொட்டும் இலாமிச்ச வேரும் இட வேண்டும். அவற்றுக்குரிய பணம் திரிபுவனமாதேவிப் பேரங்காடி வணிகர்களிடம் முதலாக வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை என்று இன்றைய கணக்கில் சொல்லலாம். ஊர்ச் சபைகளிடமும் இதே வட்டியில் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. கோயில் வழிபடும் இடமாக இருந்ததோடு, சுற்று வட்டாரத்துக்கு முதல் தரும் இடமாகவும் இருந்திருக்கிறது என்பதை இந்த வரிகள் காட்டுகின்றன.

செவ்வாய்க்கிழமை, தஞ்சாவூர்

நேற்று முடிக்க முடியாத பகுதியை இன்று காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று மீண்டும் வந்தோம். கோயிலில் ஆடவும் பாடவும் சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பட்டியல் அது. ஒவ்வொருவருக்கும் பெயர், முன்பு இருந்த கோயில், இப்போது குடியிருக்கும் தெரு, தெருவின் எந்தச் சிறகு (அதாவது எந்தப் பக்கம்), எத்தனையாவது வீடு என்று எழுதியிருக்கிறார்கள். தெற்குத் தளிச்சேரி, தென்சிறகு, தலைவீடு, இரண்டாம் வீடு என்று அது நீண்டுகொண்டே போகிறது. பெயர்கள் 'நக்கன்' என்று தொடங்குகின்றன. 'எடுத்தபாதம்' என்று கூத்தனின் தூக்கிய திருவடியையே பெயராகக் கொண்ட பெண்ணும் அவர்களுள் ஒருவர். திருவாரூரிலிருந்து வந்தவர்கள், பழையாறையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள். ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல் ஒரு பங்கு. கலத்துக்கு 96 நாழி என்று கொண்டால் நாளொன்றுக்கு 26 நாழி நெல் ஆகிறது. ஒரு குடும்பம் உண்டு மிஞ்சும் அளவு இது.

ஆனால் அவர்கள் வந்தார்களா, வரவழைக்கப்பட்டார்களா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. பிறந்த ஊரையும் பழகிய கோயிலையும் விட்டு, அரசன் புதிதாக அமைத்த தெருவில் எண்ணிட்ட வீட்டுக்கு நானூறு பெண்கள் குடிபெயர்ந்தது எளிய செய்தியன்று. நூறு கலம் நெல்லைப் பார்த்துவிட்டு அவர்களுடைய மதிப்பைப் புகழ்ந்து பேசுவதும், பிற்காலத்து நிலையை எண்ணி அவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டுமே பார்ப்பதும் எனக்கு உடன்பாடானவை அல்ல. முகவரியோடு தம் பெயர் கல்லில் நிற்கும் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பெண்கள் நமக்கு வேறு எங்கும் இவ்வளவு பேர் கிடைக்கவில்லை. அவர்களைப் பெயர் சொல்லி வாசிப்பதே முதலில் செய்ய வேண்டியது.

அவர்களைத் தொடர்ந்து மேளம் கொட்டுவோர், குடை பிடிப்போர், நீர் தெளிப்போர், குயவர், ஈரங்கொல்லியாகிய வண்ணார், நாவிதர், தையல்காரர், கன்னார், தச்சர், தட்டார், கணக்கர் என்று பங்கு பெறுவோர் வருகிறார்கள். ஒருவர் இறந்தாலோ வேறிடம் சென்றாலோ அவருடைய அடுத்த உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறலாம். தகுதி இல்லையெனில் தகுதியுள்ளவரை அமர்த்த வேண்டும் என்ற விதியும் உண்டு. கல்வெட்டுகளில் வரும் தெருப் பெயர்களையும் குறித்துக்கொண்டேன்: ஆனைக்கடுவார் தெரு, ஆனையாட்கள் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, சாலியத் தெரு. இன்றைய தஞ்சையின் தெருக்களும் அரண்மனையும் பெரும்பாலும் நாயக்கர், மராத்தியர் காலங்களில் உருப்பெற்றவை. ஆகவே மடைப்பள்ளித் தெரு எங்கே இருந்தது என்று இன்று சுட்டிக்காட்ட வழியில்லை.

மனம் கனத்த பகுதி ஒன்றைப் பதிவு செய்யாமல் இந்த நாளை முடிக்கக் கூடாது. கோயிலுக்கு வரி அனுப்ப வேண்டிய ஊர்களின் நிலக்கணக்கில், வரி நீக்கிய நிலங்களைத் தனியே கழித்திருக்கிறார்கள். ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துப் போகும் வாய்க்கால், கம்மாணசேரி, வண்ணாரச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. ஓர் ஊரின் வரைபடத்தையே இந்த வரிகளிலிருந்து வரைந்துவிடலாம். அந்த வரைபடத்தில் 'தீண்டாச்சேரி' என்ற பெயரும் இருக்கிறது. சுடுகாடுகூடச் சில ஊர்களில் சாதிக்கு ஒன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரிய கோயிலின் பெருமையைச் சொல்லும் வழிகாட்டிகள் யாரும் இந்த வரிகளின் முன் நிற்பதைக் காணவில்லை. அன்றாட வாழ்வை அறிய வேண்டும் என்று வந்தவர் இவற்றைக் கடந்து செல்ல முடியாது. நெல்லை விளைவித்தவர்களில் எத்தனையோ பேர் இந்தச் சுவரில் பெயராக வரவில்லை, வரிக்கணக்கில் கழிக்கப்பட்ட நிலமாகவே வந்திருக்கிறார்கள்.

புதன்கிழமை, திருமுக்கூடல்

இரவு ரயிலில் செங்கல்பட்டு வந்து, காஞ்சிபுரம் செல்லும் பேருந்தில் ஏறிப் பழையசீவரத்தில் இறங்கினோம். பாலாற்றுக்கு எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் இருக்கிறது. ஆற்றில் மணல்தான் இருந்தது. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பழைய கோயில்கள் பலவற்றில் திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்து எழுத்துகளைத் தேய்த்துவிட்ட கொடுமையைப் பார்த்தவர்களுக்கு, இங்கே சுவரை நிரப்பி நிற்கும் வரிகள் பெரும் ஆறுதல் தரும்.

வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்து நீண்ட கல்வெட்டு இது. கோயிலின் செலவுகளோடு, ஜனநாத மண்டபத்தில் நடந்த பள்ளியின் செலவும், 'வீரசோழன்' என்னும் ஆதுலர்சாலையின், அதாவது மருத்துவமனையின், செலவும் இதில் அடங்கும். ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள். நோயாளி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு நாழி அரிசி. ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவந்து, விறகு கொணர்ந்து மருந்து காய்ச்சும் ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டுவருபவர் ஆகியோருக்குத் தனித்தனியே நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். இரவில் விளக்கு எரிய வேண்டிய எண்ணெய்க்கும் கணக்கு உண்டு. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளில் வாசாஹரீதகி, தசமூலஹரீதகி, பல்லாதக ஹரீதகி, பஞ்சாக தைலம், பழைய நெய்யாகிய புராண சர்ப்பி முதலியன அளவோடு குறிக்கப்பட்டுள்ளன. கடுக்காயும் சேராங்கொட்டையும் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் விற்பவை. பெயர்களைப் படித்தபோதே அம்மா பாதிக்கு மேல் இனங்கண்டுகொண்டார்.

விடுதி மாணவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் தலைக்கு எண்ணெய், படுக்கப் பாய், இரவு விளக்கு ஆகியவற்றுக்கும் ஏற்பாடு இருந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்னும் வழக்கம் ஒரு நிறுவனத்தின் வரவு செலவில் இடம்பெறும் அளவுக்கு அன்றே நிலைபெற்றிருக்கிறது. ஆனால் இது ஊர் முழுவதற்கும் திறந்திருந்த பள்ளியும் மருத்துவமனையும் அன்று. வேதமும் வியாகரணமும் பயின்றவர்கள், கற்பித்தவர்கள், கோயிலில் பணி செய்தவர்கள் ஆகியோருக்கானது. நேற்று படித்த சேரிகளில் ஒருவர் நோயுற்றால் இங்கே படுக்கை கிடைத்திருக்காது.

மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி என்றும் ஆண்டை 360 நாள் என்றும் கொண்டால், மருத்துவருக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி, அறுவை செய்பவருக்கு ஒரு குறுணி. மூன்றில் ஒரு பங்கு கூலியில், கத்தியெடுத்து வேலை செய்தவர் இருந்திருக்கிறார். மருந்து கொடுப்பவருக்கும் கையால் தொட்டு அறுப்பவருக்கும் இடையே அன்றைய சமூகம் வைத்த தூரத்தை இந்த எண்கள் காட்டுவதாகவே நான் கொள்கிறேன். தஞ்சைத் தளிச்சேரிப் பெண்ணின் நூறு கலத்தையும் இந்த மருத்துவரின் தொண்ணூறு கலத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவும் தோன்றியது. அளந்த மரக்கால் இரண்டு ஊரிலும் ஒன்றாக இருந்திருக்காது என்பதால் அந்த ஒப்பீட்டை அதற்குமேல் நீட்டவில்லை. மருத்துவரின் பெயரைக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்று கல்வெட்டு தருகிறது. நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட பெண்களின் பெயரை அது தரவில்லை.